அழுத்திப் பிடித்த விசை

அந்தப் புகாரின் எண் 4117. தலைப்பு: "உங்கள் மெஷின் என் வீட்டுக்காரரைக் கேலி செய்கிறது."

செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அதைத் திறந்த சன்னலக்கா, அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றுவதைக்கூடக் கவனிக்கவில்லை. இருபது வருடத்தில் அவள் வாங்காத திட்டு கிடையாது. சன்னல் கறுப்பாக வருகிறது என்று எழுதுவார்கள், மவுஸ் தவளை மாதிரி குதிக்கிறது என்று எழுதுவார்கள், இதைச் செய்தவருக்கு மூளை இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார்கள். கேலி செய்கிறது என்று இதுவரை யாரும் எழுதியதில்லை.

சன்னலக்கா என்பது தெருவில் வைத்த பெயரில்லை. ஒரு லைப்ரரியைச் சுற்றி வெவ்வேறு நாடுகளில் உட்கார்ந்திருக்கும் நாற்பது ஐம்பது பேர் வைத்தது. இந்த லைப்ரரியில் புத்தகம் கிடையாது. ஒரு முறை அவள் கணவர் மாடிவீட்டுக்காரரிடம், "என் வீட்டுக்காரி லைப்ரரி நடத்துறா" என்று பெருமையாகச் சொல்லப்போக, மறுநாள் காலையில் வாசலில் இரண்டு மூட்டைப் பழைய வார இதழ்கள் இருந்தன.

விஷயம் இவ்வளவுதான். கணினியில் ஓடும் எந்த நிரலுக்கும் திரையில் ஒரு சன்னல் வேண்டும். விசைப்பலகையில் எந்த விசையை அழுத்தினார்கள், மவுஸ் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு வகைக் கணினியும் இதை ஒவ்வொரு பாஷையில் சொல்லும். ஒன்று தானாகவே கொட்டும், இன்னொன்று கேட்டால்தான் வாயைத் திறக்கும், மூன்றாவது பாதியைச் சொல்லிவிட்டு மீதியை நீயே பார்த்துக்கொள் என்னும். சன்னலக்காவின் லைப்ரரி நடுவில் நின்று எல்லாவற்றையும் ஒரே பாஷையில் மாற்றித் தரும். நிரலை ஒரு தடவை எழுதினால் போதும், எந்தக் கணினியிலும் ஓடும்.

அந்த ஒரே பாஷையின் சொற்களை அந்தத் தொழிலில் ஏபிஐ என்கிறார்கள். சன்னலைத் திற, சன்னலை மூடு, விசையை அழுத்தினால் எனக்குச் சொல். இப்படி நூற்றெழுபது அழைப்புகள். ஓர் அழைப்பை ஊருக்குக் கொடுத்துவிட்டால் அச்சான செய்தி மாதிரிதான். திருத்தம் போடலாம், திரும்ப வாங்க முடியாது. எங்கோ யாரோ அதை நம்பி ஒரு நிரல் எழுதி, அந்த நிரலை நம்பி வேறு யாரோ பிழைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் வேடிக்கை, இது அவள் பிழைப்பே இல்லை. பிழைப்பு, வாகன நிறுத்தத்தில் தூக்கி இறக்கும் தடுப்புக் கம்பிகளுக்கு நிரல் எழுதுவது. அந்தக் கம்பெனியில் மூன்று வகைக் கணினிகள் இருந்ததால் இருபத்தேழாவது வயதில், ஒரே வேலையை மூன்று தடவை செய்யும் எரிச்சலில் எழுதிய துண்டு நிரல்தான் பின்னால் லைப்ரரியாக வளர்ந்தது. முதலாளி இலவசமாக வெளியிடச் சம்மதித்தார். அப்படி என்றால் என்னவென்று அவருக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. இப்போது அவளுக்கு நாற்பத்தேழு. காலை ஐந்திலிருந்து ஏழு வரை சாப்பாட்டு மேசைதான் அவள் அலுவலகம். எதிரே கணவர் சட்டைக்கு இஸ்திரி போடுவார். அவர் பல் கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவர். எந்தச் சட்டையைப் போட்டாலும் மாலையில் மாவுத்தூள் அப்பித்தான் வீடு வருவார்.

அந்த லைப்ரரிக்கு நான்காம் பதிப்பு வரவிருந்தது. இரண்டு வருட உழைப்பு, மூன்று தடவை தள்ளிவைத்த தேதி. இந்தத் தடவை அடுத்த வெள்ளிக்கிழமை என்று அறிவித்தாயிற்று. நூற்றெழுபது அழைப்புகளை நூற்றிருபதாகக் குறைத்திருந்தார்கள். வெளியே தள்ளப்பட்டவற்றில் ஒன்று, அவள் முதன்முதலில் எழுதிய விசை அழைப்பு.

ஒரு விசையை விடாமல் அழுத்திப் பிடித்தால் அதே எழுத்து வரிசையாக வந்து விழும் அல்லவா? முதல் எழுத்துக்குப் பிறகு கொஞ்சம் யோசிக்கும், அப்புறம் மடமடவென்று கொட்டும். இதற்கு ரிப்பீட் என்று பெயர். இளமை வேகத்தில் சன்னலக்கா, ஒவ்வொரு ரிப்பீட்டையும் புதிதாக ஒரு தடவை அழுத்தியதாகவே நிரல்களுக்குச் சொல்லிவைத்தாள். விளைவு, விளையாட்டுகளில் குதிக்கும் விசையைப் பிடித்தால் கதாநாயகன் தெள்ளுப்பூச்சியாகத் துள்ளினான். உலகம் முழுக்கத் திட்டு. இனி ரிப்பீட் எழுத்து அடிப்பதற்கு மட்டும்தான், வேறு செயலுக்கு அதை யாரும் நம்பக் கூடாது என்று நான்காம் பதிப்பின் திட்டக் குறிப்பில் அவளே தன் கையால் எழுதினாள்.

பழைய அழைப்பை நம்பியிருப்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா? அதற்காகப் போன மாதம் வெளியான இடைப்பதிப்பில் ஓர் எச்சரிக்கை வைத்தார்கள். யாராவது அந்த அழைப்பைப் பயன்படுத்தினால், சன்னலில் தெரியாமல், பிழைச்செய்திகள் போகும் தனி வழியில் ஒரு வரி போகும். நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் பார்ப்பார்கள். வாசகம் மரியாதையாக இருக்க வேண்டும் என்று சன்னலக்கா ஒரு காலை முழுவதையும் அதற்குச் செலவழித்திருந்தாள்: "இது பழையதாகிவிட்டது. அடுத்த பதிப்பில் நீக்கப்படும். விவரங்களுக்கு." அதன்பின் லைப்ரரியின் இணைய முகவரி.

புகாரை எழுதியவர் மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் வேறொரு ஊரின் தையல்காரம்மா. அவர் கணவர் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடம் முன்பு மூளையில் ரத்தம் கட்டியதில் பேச்சு போயிற்று. கைகால்களில் வலது கட்டைவிரல் ஒன்றுதான் சொன்னபடி கேட்கிறது. உறவில் ஒருவர் அவருக்காக ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தார். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு வெளிச்சம், ஒவ்வொரு ரிப்பீட்டுக்கும் ஒரு வரிசையாக இறங்கும். விட்டால் அந்த வரிசை. மறுபடி பிடித்து விட்டால் அதில் ஓர் எழுத்து. வாக்கியம் சேர்ந்ததும் கணினி அதை உரக்கப் படிக்கும்.

கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட நாளிலிருந்து வந்தது வினை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், யாரும் கேட்காமலே அது அறிவிக்க ஆரம்பித்தது: இது பழையதாகிவிட்டது, அடுத்த பதிப்பில் நீக்கப்படும். டாக்டர் வந்தபோதும் சொல்லியிருக்கிறது, சம்பந்தி வீட்டார் வந்தபோதும் சொல்லியிருக்கிறது. முகவரியை எழுத்தெழுத்தாக வேறு படித்திருக்கிறது. தையல்காரம்மா அதைத் துணி வெட்டும் காகிதத்தில் சாக்கட்டியால் எழுதிவைத்து, அதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கத்துக்கே வந்து சேர்ந்தார். கடைசி வரியில், யார் யாரை நீக்குவது என்று கேட்டிருந்தார்.

சன்னலக்கா முதலில் சிரித்தாள். பிறகு சிரித்ததற்காகக் கூசினாள். நடந்தது புரிய அரை நிமிடம் ஆகவில்லை. உறவுக்காரர் நிரலிலிருந்து வெளியே வரும் அத்தனையையும், பிழைச்செய்தி வழியையும் சேர்த்து, படிக்கும் குரலோடு முடிச்சுப்போட்டிருக்கிறார். இதற்கு ஒரு வரித் திருத்தம் போதும். எழுதி அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "இதை எங்கே போட வேண்டும்?" நிரல் எழுதிய உறவுக்காரர் இப்போது நடுக்கடலில் காற்றாலை நிறுவும் வேலையில் இருக்கிறாராம்; போனை எடுப்பதில்லை.

பதிலுக்குப் பதில் எழுதக் கை வைத்தவளுக்கு அப்போதுதான் அடுத்த விஷயம் உறைத்தது. நான்காம் பதிப்பில் அந்த அழைப்பே கிடையாது. வெளியான சில நாளில் அந்த வீட்டுக் கணினி மறுபடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அன்றைக்கு அந்த நிரல் திறக்காது. கேலியும் நின்றுவிடும், பேச்சும் நின்றுவிடும்.

அன்று மாலை துடைப்பத்தோடு பேசினாள். லைப்ரரியில் அவளுக்கு அடுத்த பொறுப்பு அவனுக்கு. கண்ணில் பட்ட பழைய நிரலையெல்லாம் பெருக்கித் தள்ளுவதால் அந்தப் பெயர். துடைப்பம் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. புகாரைப் படித்து அவனும் வருத்தப்பட்டான். ஆனால் தேதியைத் தொடாதீர்கள் என்றான்.

"ஒருத்தருக்காக நாலாவது தடவை தள்ளிப்போட முடியாதுக்கா. அவரோட புரோகிராமை நாமளே மாத்திக் குடுத்துடலாம். உள்ள ஒரு டைமர் வெச்சா வெளிச்சம் தானா நகரும். ரிப்பீட்டே வேண்டாம். ரெண்டு மணி நேர வேலை."

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. தொலைவிலிருந்தே செய்து அனுப்பிவிடலாம் என்றும் நினைத்தாள். மறுநாள் காலை, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கணவர் சொன்னார்:

"நான் இருபது வருஷமா வாயைப் பாக்காமதான் பல்லு செய்றேன். அச்சு வரும், செஞ்சு அனுப்புவேன். கடிக்குதுன்னு திரும்பி வர்றதெல்லாம் அதனாலதான். நீ போய்ப் பாத்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் போனாள். டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்க ஏறி வந்தவளிடம் தையல்காரம்மா முதலில் சொன்னதே அதுதான்: ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்த்தவர் வீடு பிடித்த அழகைப் பாருங்கள்.

முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள், பாதி முடிந்த கோட்டு மாட்டிய தலையில்லாத பொம்மை, நூல்கண்டுப் பெட்டிகள். சன்னலோரம் சாய்வு நாற்காலியில் லிஃப்ட்காரர். மீசையை யாரோ அன்றைக்குக் காலையில்தான் ஒழுங்காகக் கத்தரித்துவிட்டிருந்தார்கள். அவர் முன்னால் விசைப்பலகை. எல்லா விசைகளையும் பிடுங்கிவிட்டு நீளமான அடிவிசையை மட்டும் விட்டிருந்தார்கள். விரல் வழுக்காமலிருக்க அதன்மேல் அளவு நாடாவில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அவர் கட்டைவிரலை வைத்தார். வெளிச்சம் இறங்கியது, நின்றது, இறங்கியது. ஒரு நிமிடம் கழித்துக் குரல் வந்தது.

"இது பழையதாகிவிட்டது. அடுத்த பதிப்பில் நீக்கப்படும். வாங்க."

சன்னலக்காவுக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது. தையல்காரம்மா, கேட்டீர்களா என்பதுபோல இடுப்பில் கை வைத்து நின்றார். நாற்காலியில் இருந்தவரின் தோள் குலுங்கியது. வலிப்போ என்று சன்னலக்கா பதறி எழ, தையல்காரம்மா கையமர்த்தினார்.

"ஒண்ணுமில்ல, சிரிக்கிறாரு. எனக்குத்தான் மானம் போகுது. இவருக்கு இது தமாஷ்."

அவர் அடுத்த வாக்கியத்துக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார். எச்சரிக்கை முடிந்ததும் குரல் சொன்னது: "டாக்டர் சொல்லத் தயங்குறதை இது பளிச்னு சொல்லுது."

பிழைச்செய்தி வழியைக் குரலோடு சேர்த்திருந்த முடிச்சை அவிழ்க்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு துணி வெட்டும் மேசையில் கத்தரிக்கோலை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டு சன்னலக்கா நிரலைத் திருத்த உட்கார்ந்தாள். பழைய நிரலில் வெளிச்சம் நகர்ந்த வேகத்தை அளந்து, முதல் தயக்கத்தையும் அளந்து, அதே கணக்கில் டைமர் வைத்தாள். முதலில் அவர் விரல் தடுமாறி, வரிசை தவறித் தவறி விழுந்தது. மதியத்துக்குள் பிடிபட்டுவிட்டது. ஒரு முழு வாக்கியம் எழுதினார். வேலை முடிந்ததென்று அவள் மடிக்கணினியை மூடினாள். நாலரை மணி ரயிலைப் பிடித்துவிடலாம்.

மூன்று மணிக்கு லிஃப்ட்காரர் களைத்தார். எழுத்துகள் மறுபடி தவறின. தையல்காரம்மா ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார். கணினியின் அமைப்புகளைத் திறந்தார், விசைப்பலகைப் பக்கத்துக்குப் போனார், ரிப்பீட் வேகம் என்ற கோட்டில் இருந்த பொத்தானை இடப்பக்கம் இழுத்தார். திரும்பி வந்து பார்த்தார். வெளிச்சம் பழைய வேகத்திலேயே ஓடியது.

"ஏன் மெதுவாகல?" என்றார்.

சன்னலக்கா மூடிய மடிக்கணினியை மறுபடி திறந்தாள். இதைச் செய்யச் சொல்லி யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை. தையல் மெஷினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருந்தால் இதிலும் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும் என்று தேடியிருக்கிறார், கிடைத்திருக்கிறது. காலையில் ஒரு வேகம், மருந்து சாப்பிட்ட பிறகு ஒரு வேகம், மழை நாளில் வேறு வேகம். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை மாற்றுகிறாராம்.

இருபது வருடமாக ரிப்பீட்டை விசைப்பலகையின் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிக்கொண்டிருந்தவள் சன்னலக்கா. என் கைக்கு இந்த வேகம்தான் சரி என்று ஒரு மனிதர் கணினியிடம் சொல்லிவைக்கிற இடமே அதுதான் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை. டைமர் இதையெல்லாம் கேட்காது. இந்த ஒரு நிரலில் வேகத்தை மாற்ற ஒரு பொத்தான் வைக்கலாம். வைத்தால் இந்த வீட்டுப் பிரச்சினை தீரும். இதே மாதிரி விசையை அழுத்திப் பிடித்துப் பிழைக்கிற எத்தனை வீடுகளிலிருந்து சாக்கட்டியால் முகவரி எழுதுவார்கள்? நான்காம் பதிப்பில் முகவரி படிக்கிற குரலும் வராதே, எழுதிவைக்க.

வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க, பிடித்து விடுவதற்குப் பதில் தட்டித் தட்டி நகர்த்த முடியாதா என்று லிஃப்ட்காரரிடம் கேட்டாள். அவர் பதில் எழுத வேண்டிப் பழைய நிரலையே மறுபடி ஓடவிட்டாள். நாலரை மணி ரயில் போன பிறகுதான் அவர் பதில் குரலாக வந்தது.

"லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பாக்கும்போது பட்டனைப் பிடிச்சாத்தான் ஓடும். விட்டா நிக்கும். எங்க விடணும்கிறதுதான் வேலை. கைக்கு அதுதான் தெரியும்."

திரும்பும் ரயிலில் அவள் நோட்டுப்புத்தகத்தில் எழுதியதை மறுநாள் விடிகாலை துடைப்பத்துக்கு அனுப்பினாள். பழைய அழைப்பு போகட்டும். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று: அழுத்திப் பிடித்தால் எனக்குச் சொல். கேட்கிற சன்னலுக்கு மட்டும் ரிப்பீட் வரும், அதுவும் ரிப்பீட் என்ற முத்திரையோடு வரும். கேட்காத விளையாட்டுகளில் யாரும் துள்ள மாட்டார்கள். வேகம், கணினியில் வைத்திருக்கும் வேகமே. திட்டக் குறிப்பில் தான் எழுதிய அந்த வரியைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, காரணத்தையும் கீழே எழுதினாள்.

துடைப்பம் உடனே கூப்பிட்டான். குரலில் தூக்கம் இருந்தது, கோபமும் இருந்தது.

"நூத்தி இருபதுன்னு ஊருக்கே சொல்லியாச்சு. இப்ப நூத்தி இருபத்தொண்ணு. கேவலமா இருக்குக்கா."

"இருக்கட்டும். நூத்தி இருபது அழகா இருந்துச்சு. ஆனா அதுல அவர் பேசறது நின்னுடும்."

"மூணாவது வகைக் கணினி ரிப்பீட்டையே அனுப்பாது. வேகத்தை மட்டும் சொல்லிட்டு ஒதுங்கிக்கும். நாமதான் உக்காந்து எண்ணணும். நாலு நாள்ல யாரு எழுதுறது?"

"நான் வியாழக்கிழமை லீவு போடுறேன்."

அவன் வைத்துவிட்டான். செவ்வாய் முழுவதும் சத்தமே இல்லை. அவள் அனுப்பிய இரண்டு செய்திகளுக்குப் பதில் இல்லை. மூன்றாவதை எழுதி அழித்தாள். தனியாகவே முடித்துவிடலாம் என்று முதல் இரண்டு வகைக் கணினிகளுக்கும் புதன் காலைக்குள் எழுதிவிட்டாள். மூன்றாவதைத் திறந்தபோது, அங்கே ஏற்கெனவே துடைப்பத்தின் நிரல் வந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் வேகத்தை மாற்றினால் விசையை விடாமலே புது வேகத்துக்கு மாறும்படிகூடச் செய்திருந்தான். அதை அவள் யோசித்திருக்கவில்லை. வணக்கம், வருத்தம் ஒன்றும் இல்லை. "சோதிச்சுப் பாருங்க" என்று ஒரு வரி. அவள் சோதித்தாள். தப்பு ஒன்று கண்டுபிடித்தாள். அவன் திருத்தினான். அவன் அவள் எழுதியதில் இரண்டு கண்டுபிடித்தான், அதில் அவனுக்கு ஒரு திருப்தி.

தேதி வெள்ளியிலிருந்து திங்களுக்குப் போயிற்று. நான்காவது ஒத்திவைப்பு என்று நான்கு பேர் நையாண்டி செய்தார்கள். வெளியீட்டுக் குறிப்பில் நூற்றிருபத்தொன்று என்றே போட்டார்கள். லிஃப்ட்காரரின் நிரலைப் புது அழைப்புக்கு மாற்றி, எங்கே போட வேண்டும் என்பதைப் படம் பிடித்து, சன்னலக்கா முன்னதாகவே அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு பிற்பகல், வாகன நிறுத்தம் ஒன்றில் இறங்க மறுத்த கம்பியோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கணினி காலையில் புதுப்பித்துக்கொண்டதாகத் தையல்காரம்மா சொன்னார். முதலில் பயந்து ஒரு மணி நேரம் அதைத் தொடவே இல்லையாம். இப்போது திறந்திருக்கிறாராம்.

"ஓடுதும்மா. வேகப் பொத்தானை இழுத்தா மெதுவாவும் ஆகுது. பிடிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஆகுது. இரு, ஏதோ சொல்றாரு, கேளு."

சன்னலக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. கையைக் காட்டி நிறுத்தினாள். மறுமுனையில் தையல் மெஷின் நின்றிருந்தது. நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு அந்தக் குரல், முன்னுரை ஏதும் இல்லாமல் வந்தது.

"போதும் பேசினது. கோட்டுல பித்தான் மூணு பாக்கி. வாங்கிட்டுப் போக நாலு மணிக்கு வந்துருவாங்க."

"பாத்தியா, பேச விட மாட்டாரு" என்றார் தையல்காரம்மா. போனை வைத்துவிட்டார்.